பெட்டி முன்னால் வந்தது

செத்துப்போன சங்கையா, அறுபத்தேழாம் வருஷத்து ஆடி மாதத்தில், நல்ல உச்சிவெயிலில், அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து எம்.ரெட்டியபட்டி விலக்கில் இறங்கினான்.

தான் செத்துப்போன சேதி அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இறங்கியிருப்பானா? தலையில் பட்டாளத்து நீலத் தொப்பி, தோளில் ஒரு கித்தான் பை. பைக்குள் மகள் செல்லக்கிளிக்குப் பம்பாயில் வாங்கிய ரப்பர் வாத்து. பெண்டாட்டி வெள்ளைத்தாயைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் முகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற பயமெல்லாம் இறங்கிவிடும் என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வந்திருந்தான்.

ஊருக்குப் பாதை பிரிகிற அந்த விலக்கில் ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பால்ச்சாமி சங்கையாவுக்கு மாமன் முறை. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர், தலை நிமிர்ந்து பார்த்தார். மேல் டம்ளரிலிருந்து இறங்கிய டீ கீழ் டம்ளருக்குப் போகாமல் அவர் காலிலேயே ஊற்றியது. சுட்டது கூடத் தெரியவில்லை மனுஷனுக்கு. அவர் கண் நேரே சங்கையாவின் காலுக்குப் போயிற்று. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே, அதைச் சரி பார்க்கிறார்.

"என்ன மாமா அப்பிடிப் பாக்கீக? ஒரு டீ போடுங்க. தொண்டையெல்லாம் வறண்டு கெடக்கு."

"நீ... நீ எங்கருந்துப்பா வார?"

"காசாவுலருந்து."

"அங்கதானடா செத்துப்போன?"

சங்கையா சிரித்தான். மாமன் முறைக்காரர் கேலி பேசுவது வழக்கம்தானே. ஆனால் பால்ச்சாமி சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பால்ச்சாமி மெதுவாகக் கிட்டே வந்து, ஒரு விரலால் அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். வேர்வை ஒட்டியது. அவ்வளவுதான், தலையில் படார் படார் என்று அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! ஒனக்குக் கருமாதியே முடிஞ்சுபோச்சேடா! அந்தச் சோத்தை நானும் உக்காந்து தின்னுட்டு வந்தேனேடா!"

கருமாதி முடிந்தது என்றால் பதினாறாம் நாள் சடங்கு முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சடங்கில் பெண்டாட்டிக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாதவன் இந்தச் சீமையில் எவன்?

"மாமா, வெள்ளைத்தாயி...?"

பால்ச்சாமி திரும்பிக்கொண்டார். அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தார்.

"நீ இங்கயே இரு. ஊருக்குள்ள கால் வச்சிராத. நான் முன்னால போயிப் பக்குவமாச் சொல்றேன். இல்லன்னா நாலு பேரு நெசமாவே செத்துப்போவாக" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஓட்டமாக ஓடினார்.

சங்கையா பெஞ்சில் உட்கார்ந்தான். யார் சொன்னது? எந்தப் பாவி சொன்னான் நான் செத்தேன் என்று? இந்த ஊரில் காசா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் ஒருத்தன் கிடையாதே!

சங்கையா கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. சீனாக்காரன் சண்டை வந்த வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விருதுநகருக்கு நடந்தே போனான். மாரை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால் துப்பாக்கிப் பக்கம் விடாமல், பட்டாளத்துக்குச் சோறு தண்ணி கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவில் மூட்டை தூக்கப் போட்டார்கள். முதல் லீவில் வந்தபோது ஊரே கூடி, "எத்தனை பேரைச் சுட்ட?" என்று கேட்டது. "அரிசி மூடைதான் தூக்குறேன்" என்று அவன் உள்ளதைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

காசாவில் அப்போது ஐ.நா. சபை பல தேசத்துப் பட்டாளங்களை நிறுத்தியிருந்தது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவில் கோடு; கோட்டை ஒட்டிக் காவல் குடில்கள்; எல்லாருக்கும் தலையில் நீலத் தொப்பி. நம்முடைய ஆட்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அரிசி, பருப்பு, கோதுமை மாவு, நெய், மிளகாய் எல்லாம் கப்பலில் வரும். துறைமுகத்திலிருந்து ரயிலில் ராஃபா முகாமுக்கு வரும். அங்கே ஸ்டோரில் இறக்கி, அடுக்கி, பிரித்து, விடிகாலையில் லாரியில் ஏற்றி ஒவ்வொரு காவல் குடிலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆறு போல் ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. ஒரு நாள் நின்றால் எங்கோ மணலுக்கு நடுவில் நாலு பேர் பட்டினி.

சங்கையா இறங்கின அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு தூரம் கப்பலில் வந்தும் அதே சப்பாத்திக்கள்ளி வேலி! அதே வெயில், அதே அனல் காற்று, அதே தண்ணீர்ப் பஞ்சம். "இதுக்கு நான் திருச்சுழியிலயே இருந்திருப்பேனே" என்றான். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"ஏலே, நீ திருச்சுழியா? நான் பாளையம்பட்டிலே!"

அவன்தான் செல்லப்பாண்டி. அந்த நிமிஷத்திலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். செல்லப்பாண்டி லாரி ஓட்டுவான், சங்கையா பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து போவான். குடிலுக்குக் குடில் நிறுத்தி இறக்குவார்கள். வடக்கத்தி ஆட்களுக்கு மாவு குறைந்தால் சண்டை, நம்ம ஆட்களுக்குப் புளி தீர்ந்தால் சண்டை. ஒரு தடவை கப்பல் பிந்திப் புளி வராமல் போய், சங்கையா சுண்டிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ரசம் வைத்தான். அதைக் குடித்த ஹவில்தார் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. கனடாக்காரர்கள் பெரிய மனது பண்ணிக் கொடுத்த பாலாடைக்கட்டி டின்களை நம் ஆட்கள் சோப்பு என்று நினைத்துத் துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோன கூத்தும் நடந்தது.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் செல்லப்பாண்டிதான். சங்கையா சொல்லச் சொல்ல எழுதுவான், சொல்லாததையும் எழுதுவான். "வெள்ளை, உன்னை நினைத்து இளைத்துவிட்டேன்" என்று ஒரு தடவை அவனாகச் சேர்த்து எழுதிவிட்டு வாசித்தும் காட்டினான். சங்கையாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"ஏலே, அடிச்சிருலே அதை. அங்க கடுதாசி வாசிக்கிறது வாத்தியாரு. அவரு முன்னால அவ என்னலே செய்வா?"

"இருக்கட்டும்லே. எங்க சந்தனத்துக்கும் இதேதான் எழுதியிருக்கேன்."

சந்தனம் என்றால் சந்தனம்மாள், செல்லப்பாண்டியின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஆறு மாதம் கூடச் சேர்ந்து இருக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் சங்கையாவுக்கு இடுப்பில் புண் வந்தது. அவன் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கிடந்தது, கல்யாணத்தன்று மாமனார் போட்டது. அரைஞாணை இந்தப் பக்கத்து ஆம்பிளை உயிரோடு இருக்கிற வரைக்கும் கழற்ற மாட்டான். பெற்ற குழந்தைக்குக் கட்டுவது, பிணத்தை எரிக்கக் கொண்டுபோகும்போது அறுப்பது. நடுவில் அதற்கு வேலையே கிடையாது. ஆனால் அந்த மணலுக்கும் வேர்வைக்கும் இதெல்லாம் தெரியுமா? மேலே பெல்ட்டு இறுக்க, உள்ளே மணல் அரைக்க, மூட்டை அழுத்த, அரைஞாண் தோலுக்குள் புதைந்து சீழ் வைத்துவிட்டது. காய்ச்சலில் கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்துப் பார்த்தால் இடுப்பில் மருந்துத் துணி. தட்டில் வெள்ளி அரைஞாண் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வெள்ளைக்கார டாக்டர் கத்தரியால் நறுக்கிவிட்டார்!

சங்கையா சின்னப்பிள்ளை போல் அழுதான். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லப்பாண்டிதான் ஸ்டோருக்கு ஓடி, கோணி தைக்கிற கருப்புச் சணலை முறுக்கிக் கொண்டுவந்து புண்ணுக்கு மேலே தளர்த்திக் கட்டிவிட்டான்.

"வெறும் இடுப்போட இருக்கக்கூடாதுலே. ஊருக்குப் போயி வெள்ளியப் பத்த வச்சுப் போட்டுக்க."

மே மாதம் எகிப்து சர்க்கார் எல்லாரையும் கிளம்பச் சொல்லிவிட்டது. முகாமே சந்தை கலைகிற மாதிரி ஆயிற்று. கூடாரம், அண்டா, அடுப்பு, கட்டில் என்று எல்லாவற்றையும் கட்டிக் கப்பலுக்கு அனுப்புகிற வேலை சங்கையாவின் ஸ்டோர் தலையில். சாமான் முதலில் போகும், ஆள் அப்புறம் போவான் என்று உத்தரவு. சிப்பாய்களின் சொந்தப் பெட்டிகளும் அதே கப்பலில் போய், பம்பாயிலிருந்து ரயில் பார்சலில் வீட்டுக்கே போய்ச் சேரும். கைவசம் ஒரு பையோடு ஆட்கள் பின்னால் வரவேண்டியது.

சங்கையா தன் கருப்பு டிரங்குப் பெட்டியில் இரண்டு செட்டு உடுப்பு, கம்பளி, வெள்ளைத்தாய்க்கு எடுத்த பட்டுத்துணி எல்லாம் வைத்தான். வெள்ளி கையில் இருந்தால் திருட்டுப்போகும் என்று, நறுக்கிய அரைஞாணையும் ஒரு துணியில் முடிந்து அடியில் வைத்துப் பூட்டினான். அவனும் செல்லப்பாண்டியுமாகத்தான் இரண்டு பெட்டியையும் ஒன்றின் மேல் ஒன்றாக ரயிலில் ஏற்றினார்கள். வேலை சுத்தமாக முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் ஐந்தாம் தேதி காலையில் சண்டை வந்துவிட்டது. இவர்களுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? சாமானைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்கள்! மிச்சமிருந்த அரிசி மூட்டைகளோடு லாரி சாலையில் போய்க்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி ஓட்ட, சங்கையா பின்னால் மூட்டை மேல். வானத்தில் கிழிகிற சத்தம். யாருடைய விமானம் என்று அண்ணாந்து பார்க்கக்கூட நேரமில்லை. முன்னால் போன வண்டி எரிந்தது. சங்கையா குதித்தான், விழுந்தான், சப்பாத்திக்கள்ளிக்குள் உருண்டான். நிமிர்ந்து பார்த்தால் லாரி சாய்ந்து கிடக்கிறது. அரிசி கொட்டிக்கொண்டே இருக்கிறது. நிற்கவே இல்லை, பொலபொலவென்று கொட்டுகிறது. அந்த வெள்ளை அரிசியின் மேல் செல்லப்பாண்டியை இழுத்துப் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டான். "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டான். அரிசி சிவந்துகொண்டே வந்தது. செல்லப்பாண்டி கண்ணை மூடவில்லை, ஆனால் பார்க்கவும் இல்லை.

சாயந்தரம் மணலில் குழி வெட்டினார்கள். சங்கையாதான் முதலில் மண்ணைத் தள்ளினான்.

அதற்கப்புறம் மிச்சமிருந்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலில் வந்தான், பம்பாயில் இறங்கினான், பட்டாளத்து ஆபீசில் கைநாட்டு வாங்கிக்கொண்டு லீவு கொடுத்தார்கள். "வீட்டுக்கு ரெண்டு வரி எழுதித் தரட்டுமா?" என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். செல்லப்பாண்டி எழுதிய கையை விட்டு இன்னொருத்தன் கையால் வெள்ளைத்தாய்க்கு எழுத மனசு ஒப்பவில்லை. நேரில்தான் போகப் போகிறோமே என்று இருந்துவிட்டான். பெட்டியைப் பற்றி அவன் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

பெட்டி ஆனி மாதமே வந்துவிட்டது.

அதற்கு முன்னாலேயே பஞ்சாயத்து ரேடியோவில், காசாவில் நம் சிப்பாய்கள் சிலர் இறந்துபோனார்கள் என்று சேதி சொல்லியிருந்தார்கள். ஊர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. அப்போதுதான் அருப்புக்கோட்டை ஸ்டேஷனிலிருந்து பஸ் கூரையில் ஏற்றி, சங்கையாவின் பேர் எழுதிய கருப்புப் பெட்டி வந்து விலக்கில் இறங்கியது. ஆள் இல்லை, பெட்டி மட்டும்!

ஊர்ப் பெரியவர் நல்லகண்ணு அதைப் பார்த்ததும் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பர்மாச் சண்டைக்குப் போன அவருடைய அண்ணனும் அப்படித்தான் வந்தார், வெறும் பெட்டியாக. இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்காரன் பெட்டி தனியாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வெள்ளைத்தாய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "தந்தி வந்துச்சா? வரலைல? அழுகிறவுக உங்க வீட்டுல போயி அழுங்க" என்று மாரடிக்க வந்த பெண்களை விரட்டினாள். வாத்தியாரை விட்டுப் பட்டாளத்து ஆபீசுக்குக் கார்டு எழுதிப் போட்டாள். பதில் இல்லை. பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. கடைசியில் அவள் அப்பாவே பூட்டை உடைத்தார். உடுப்பு வந்தது, கம்பளி வந்தது, பட்டு வந்தது. அடியிலிருந்து ஒரு முடிச்சு வந்தது. அவிழ்த்தார்கள். அரைஞாண். அறுத்த அரைஞாண்.

அதைப் போட்ட மாமனாரே அதைப் பார்த்துச் சுருண்டு விழுந்தார். பிணத்திலிருந்து தவிர அது வேறு எப்படி வரும்? வெள்ளைத்தாய் அந்த இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் உடுப்பைப் பிணம் மாதிரிக் கட்டி எரித்தார்கள். பதினாறாம் நாள் தாலியை அறுக்க அவளே கழுத்தை நீட்டினாள்.

இவ்வளவும் சங்கையாவுக்கு விலக்கில் வைத்தே தெரிந்துபோயிற்று. பால்ச்சாமி ஓடின வேகத்தில் ஊரே திரண்டு வந்திருந்தது. ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் அவன். நடுவில் நல்லகண்ணு நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சங்கையா வாயைப் பிளந்தபடி கேட்டான். தன் கையால் பூட்டிய பெட்டி, தன் கையால் ஏற்றிய பெட்டி!

"வெள்ளை எங்க பெரியப்பா?"

கூட்டம் விலகியது. பழைய வெளுத்த சேலை. வெறும் நெற்றி. வெறும் கழுத்து. ஒரு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பெண் இவள்தானா? சங்கையா அலறிவிட்டான், பயத்தில். அவளைப் பார்த்துத்தான் பயந்தான்.

அவள் நேராக வந்தாள். ஊர் பார்க்க அவன் சட்டையைத் தூக்கி இடுப்பைத் தடவினாள். கருப்புச் சணல் கையில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

"இது யாரு கட்டுனது?"

"செல்லப்பாண்டி."

பளார் என்று ஓர் அறை. சங்கையாவின் நீலத் தொப்பி ரோட்டில் போய் விழுந்தது. அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனை அடித்து யாரும் பார்த்ததில்லை.

"உசுரோட இருக்கிறவன் அரைஞாணை அறுத்துப் பெட்டியில வைப்பானா மச்சான்? ஒனக்குக் கிறுக்கா? என் கழுத்த நானே நீட்டி அறுக்க வச்சிட்டியே! ஊரே சொன்னப்பவும் நான் நம்பலையே மச்சான், ஒன் வெள்ளியப் பாத்துத்தான் நம்புனேன்!"

அப்படியே சரிந்து அவன் பூட்சைக் கட்டிக்கொண்டு அழுதாள். சங்கையாவும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர், புண், காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்லப் பார்த்தான். ஒன்றும் கோவையாக வரவில்லை.

நல்லகண்ணு கனைத்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. முறை தவறாதவர், அவ்வளவுதான்.

"எல்லாம் சரிப்பா. பேரைச் சொல்லி எரிச்சாச்சு. எரிச்சவன் அப்பிடியே வீட்டுக்குள்ள போகக்கூடாது. தலையில தண்ணி ஊத்தி, கோயில்ல வச்சுப் பழைய பேரையே புதுசா விளிச்சு, தாலியும் மறுபடி கட்டணும். ஆனா இது ஆடி. ஆடியில தாலி கட்ட மாட்டம். ஆவணி பெறக்கட்டும். அதுவரைக்கும் நீ கோயில் கொட்டகையில இரு, சோறு வந்துரும்."

"எனக்கு ஆடிக்குள்ள லீவு முடியுது பெரியப்பா."

"அப்ப அடுத்த லீவுல பாத்துக்கிருவம்."

அடுத்த லீவா! அது எப்போது வரும், வருமா என்று யாருக்குத் தெரியும்? போன இடத்தில் எது வானத்திலிருந்து விழும் என்று சங்கையாவுக்கு இப்போது தெரியும். இவளை இந்தக் கழுத்தோடு விட்டுவிட்டா ரயில் ஏறுவது? கெஞ்சுவதற்கு வாயெடுத்தான். அதற்குள் வெள்ளைத்தாய் எழுந்துவிட்டாள்.

"பெரியப்பா, அறுக்கையில நாளு பாத்தீகளா?"

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இல்லைல? அன்னைக்கு நல்ல நாளா கெட்ட நாளான்னு ஒருத்தரும் கேக்கல. கட்டுறதுக்கு மட்டும் என்னத்துக்கு நாளு?" என்றவள் திரும்பினாள். "பால்ச்சாமி மாமா, கடையில வெரலி மஞ்சள் இருக்கா? நூலு இருக்கா?"

பால்ச்சாமி ஊர்ப் பெரியவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைக்குள் போனார். பொட்டலம் கட்டுகிற நூலும் மஞ்சள் துண்டும் கொண்டுவந்தார். டீ டம்ளர் தண்ணீரிலேயே மஞ்சளை உரைத்து நூலை நனைத்தார்கள். நனைந்த நூல் வழுக்கி, சங்கையா போட்ட முடிச்சு விழவே இல்லை. கடைசியில் நல்லகண்ணுதான், "சீக்கிரம் போடுடா, அவ இன்னொரு அறை விடப்போறா" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். பாதிக் குலவையிலேயே அழுகையாகிவிட்டது.

ஆள் உயிரோடு இருக்கிறான் என்று ஊரை நம்பவைக்க மட்டும் இன்னும் சில நாள் பிடித்தது. திருச்சுழியிலிருந்தும், சுற்றுப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எரித்தவன் திரும்பி வந்துவிட்டான் என்று பஸ்ஸுக்குப் பஸ் பேச்சு. மகள் செல்லக்கிளி மட்டும் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

பாளையம்பட்டிக்குப் போய்ச் சந்தனம்மாளைப் பார்க்க வேண்டும் என்று சங்கையா தினமும் நினைத்தான். தினமும் கிளம்பினான். பூட்சைப் போடுவான், கழற்றி வைத்துவிடுவான். அவளுக்குத் தந்தி வந்திருக்கும், தெரிந்திருக்கும், நான் போய்ப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெள்ளைத்தாய் இதைக் கேட்டுக் கடிந்துகொண்டாள். "மடியில போட்டு வச்சிருந்தவன் நீ. நீ போகாம யாரு போவா?"

அவன் போகவில்லை. அவளே வந்துவிட்டாள்.

காலை பஸ்ஸில் இறங்கி, வழி கேட்டு, வீட்டு வாசலில் வந்து நின்றாள். சின்னப்பெண். சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. நெற்றியில் குங்குமம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. யாரோ கல்யாணப்பெண் வழி தெரியாமல் வந்துவிட்டாள் என்றுதான் வெள்ளைத்தாய் நினைத்தாள்.

"நான் பாளையம்பட்டி. சந்தனம்" என்றாள் அவள்.

வெள்ளைத்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தனம்மாள் வாங்கி முழுக்கக் குடித்தாள். முகத்தில் சிரிப்பு நிறைந்து வழிந்தது.

"அண்ணே, ஒங்களப் பத்திக் கேள்விப்பட்டதும் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுக்கிட்டேன். எங்க மாமியா வையிது, அவுக அண்ணன் அடிக்க வாராக. வரட்டும். எனக்கும் பெட்டிதான் வந்துச்சு அண்ணே. நானே திறந்து பாத்தேன், அடி வரைக்கும் துழாவிட்டேன். அரைஞாண் இல்ல. அதுல இல்லைன்னா அவுக இடுப்புலதான இருக்கு? ஒங்களுக்கு அரைஞாணே வந்தும் நீங்க வந்துட்டீக. அப்ப அவுக எப்ப வாராக?"

வெள்ளைத்தாயின் கை தன் கழுத்துக் கயிற்றைப் போய் மூடிக்கொண்டது.

சங்கையா எழுந்து நின்றான். சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பெண்ணை இப்படியே அனுப்பினால் அதைவிடப் பாவம் வேறு கிடையாது. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"தாயி. நான் சொல்றதக் கேளு. நான் அவங்கூடத்தான் இருந்தேன். என் மடியிலதான் தலை இருந்துச்சு. கூப்புட்டேன், பதில் சொல்லல. சாயந்தரம் குழி வெட்டி, என் இந்தக் கையாலதான் தாயி மண்ணத் தள்ளுனேன். ஒனக்கு வந்த தந்தி நெசந்தான்."

சந்தனம்மாள் அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை வரும் என்று அவன் காத்திருந்தான். அவள் அழவில்லை. பொறுமையாக, சின்னப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஒங்களையுந்தாண்ணே செத்துட்டாகன்னு சொன்னாக. ஒங்களையும் எரிச்சோம்னு நாலு பேரு சத்தியம் பண்ணுனாக."

சங்கையா நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பாளையம்பட்டிக்கு அடுத்த பஸ் எப்போது என்று வெள்ளைத்தாயிடம் கேட்டாள்.